ஜாஸ், ப்ளூஸ் பியானோக் கலைஞர்களின் பழைய புகைப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1920கள் முதல் 1960கள் வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படங்களைப் பற்றிய கேள்விகள் இவை. இசையைக் கேட்டுவிட்டுப் படத்துக்கு வந்தவர்களும் உண்டு, படத்தைப் பார்த்துவிட்டு இசைக்குப் போனவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

ஜாஸில் எத்தனையோ வாத்தியங்கள் இருக்கின்றன. பியானோக்காரர்களின் படங்களை மட்டும் ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

ட்ரம்பெட் வாசிப்பவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படம் எடுக்கலாம். கையில் வாத்தியம் இருக்கிறது, பின்னால் ஒரு சுவர் இருந்தால் போதும். பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை. பியானோ எங்கே கிடக்கிறதோ அங்கே அவர் போய் உட்கார வேண்டும். அது ஒரு கிளப்பாக இருக்கலாம், ஒலிப்பதிவுக் கூடமாக இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டுக் கூடமாகவும் இருக்கலாம். அதனால் அவரைப் படம் எடுக்கிறவர் அந்த இடத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார். பியானோவைச் சுற்றி ஆட்கள் கூடுவதும் இயல்பு. சாய்ந்து நிற்பார்கள், மேலே கிளாஸை வைப்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள். ஒரு ஊரின் இசை வாழ்க்கை எப்படி இருந்தது, யார் யாரோடு பழகினார்கள் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நல்ல சாட்சி வேறு இல்லை என்பது என் கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வில்லியம் காட்லீப் எடுத்த படங்களிலிருந்து. சுமார் 1,600 படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1995ல் நூலகம் வாங்கியது. இணையத்தில் இலவசமாக, பெரிய அளவிலேயே பார்க்கலாம். 1938 முதல் 1948 வரை நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் வாசித்த பெரிய ஆட்களில் பெரும்பாலோர் இதில் கிடைப்பார்கள்: டியூக் எலிங்டன், ஆர்ட் டேட்டம், மேரி லூ வில்லியம்ஸ், நாட் கிங் கோல், எரல் கார்னர், மீட் லக்ஸ் லூயிஸ்.

காட்லீப் தொழில்முறைப் புகைப்படக்காரரா?

எழுதத்தான் வந்தார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜாஸ் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்த இளைஞர். படம் எடுக்க ஆள் அனுப்பச் செலவாகிறது என்று பத்திரிகை கையை விரித்தது. அவரே சொந்தமாக ஒரு ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிக்கொண்டார். போருக்குப் பிறகு நியூயார்க்கில் டவுன்பீட் இசை இதழுக்கு எழுதினார், அங்கேயும் படம் எடுத்தார்.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனமானது. ரோல் கிடையாது, தாள் தாளாக ஃபிலிம் போட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபிளாஷ் பல்பு எரிந்து தீர்ந்துவிடும், அடுத்த படத்துக்குப் புதிதாக மாட்ட வேண்டும். ஃபிலிமுக்கும் பல்புக்கும் காசு அவருடையது. ஆகவே ஒரு இரவில் ஒருவரை மூன்று நான்கு தடவைக்கு மேல் எடுக்க மாட்டார். வாசிப்பைக் கேட்டுக்கொண்டே காத்திருந்து, எந்த இடத்தில் அந்த ஆளின் முகம் மலரும் என்று தெரிந்த பிறகு அமுக்குவார். பாட்டுத் தெரிந்தவர் எடுத்த படம் என்பது இதனால்தான் தெரிகிறது. விமர்சகரின் காது இல்லாமல் அந்த நொடியைக் கணித்திருக்க முடியாது.

1948ல் ஜாஸ் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுக் கல்விக்கான படச்சுருள்கள் தயாரிக்கப் போய்விட்டார். 2006ல் காலமானார்.

தெலோனியஸ் மங்க் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக இருக்கும் அந்தப் படம் எங்கே எடுத்தது?

நியூயார்க்கில் கருப்பர்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில், 1947 செப்டம்பரில். எடுத்தவர் காட்லீப்.

இந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள காலக்கணக்கு முக்கியம். 1940களின் தொடக்கத்தில் மங்க் அந்தக் கிளப்பின் நிலையப் பியானோ வித்வான். வேலை முடிந்த இசைக்கலைஞர்கள் நள்ளிரவுக்கு மேல் அங்கே வந்து சேர்ந்து வாசிப்பார்கள். பிபாப் என்று பின்னால் பெயர் பெற்ற பாணி உருவான இடங்களில் அது ஒன்று. ஆனால் அதே பாணியில் வாசித்த டிஸி கில்லெஸ்பிக்கும் சார்லி பார்க்கருக்கும் பெயர் வந்த பிறகும் மங்கை வெளியே பலருக்குத் தெரியாது. காட்லீப் அவரைத் தேடிப் பிடித்து, பேட்டி எடுத்து, மறுபடி மின்டன்ஸுக்கே அழைத்துப்போய்ப் படம் எடுத்தார். அடுத்த மாதம், 1947 அக்டோபர் 15 அன்றுதான், மங்க் தன் சொந்தப் பெயரில் முதல் ஒலிப்பதிவே செய்கிறார். அதாவது உலகம் அவருடைய இசைத்தட்டைக் கேட்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டது.

அதே சமயத்தில் வாசலில் எடுத்த கூட்டுப் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். கிளப்பின் முகப்பில் நான்கு பேர்: மங்க், ட்ரம்பெட்காரர்கள் ஹோவர்ட் மெகீயும் ராய் எல்ட்ரிட்ஜும், கிளப்பை நடத்திய டெடி ஹில். எல்ட்ரிட்ஜ் முந்தைய தலைமுறை ஸ்விங் பாணியின் பெரிய ஆள், மங்க் புதுப் பாணியின் ஆள். இரண்டு தலைமுறைக்கும் சண்டை என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. படத்தில் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

மேரி லூ வில்லியம்ஸ் வீட்டுப் படத்தில் இருப்பவர்கள் யார்?

1947 ஆகஸ்டில் காட்லீப் எடுத்த தொடர் அது. இடம் ஹார்லெமில் மேரி லூவின் அடுக்குமாடி வீடு. டிஸி கில்லெஸ்பி, டாட் டேமரன், ஹாங்க் ஜோன்ஸ், மில்ட் ஓரென்ட், டிராம்போன்காரர் ஜாக் டீகார்டன் ஆகியோர் தெரிகிறார்கள்.

பியானோக்காரர்களை மட்டும் எண்ணினால் மேரி லூ, டேமரன், ஹாங்க் ஜோன்ஸ் என்று மூன்று பேர் ஒரே அறையில். மேரி லூ 1930களில் கான்சாஸ் சிட்டியில் ஆண்டி கர்க் குழுவுக்கு வாசித்தும் இசை எழுதியும் பெயர் வாங்கியவர். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. புதிதாக வந்த இளைஞர்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். மங்க், பட் பவல் எல்லாம் அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள்தான். இரவு முழுக்க வாசிப்பு, சீட்டாட்டம், சாப்பாடு. டெக்சாஸ்காரரான டீகார்டன் வெள்ளையர், பழைய பாணிக்காரர். நிறப்பிரிவினை சட்டமாக இருந்த நாட்டில் அவரும் அந்தச் சோபாவில் சகஜமாக உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் காட்லீப் படங்களிலேயே மிகப் பிடித்தது இந்தத் தொடர்தான். மேடையில் எடுத்த படம் எதுவும் இவ்வளவு பேசுவதில்லை.

பியானோக்காரர்களின் வலது பக்கம்தான் எப்போதும் தெரிகிறது. ஏன்?

பியானோவின் அமைப்பு அப்படி. கிராண்ட் பியானோவின் மூடி, வாசிப்பவரின் இடது பக்கம் கீல் வைத்து வலது பக்கம் திறக்கும். சத்தம் அந்தத் திசையில் போகும். ஆகவே சபையோர் இருப்பது அவருடைய வலது பக்கம், புகைப்படக்காரர் நிற்பதும் அங்கேயே.

சின்ன கிளப்புகளில் இருந்தது நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள், வாசிப்பவரின் முதுகுதான் சபைக்குத் தெரியும். பழைய ப்ளூஸ் படங்களில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற முகங்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிப்பது அந்தக் காலத்தில் சாதாரணமாக நடந்த தவறு. பியானோ இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கிராண்ட் பியானோவின் நேரான பக்கம் வாசிப்பவரின் இடது கைப் பக்கமும் வளைந்த பக்கம் வலது கைப் பக்கமும் இருக்க வேண்டும். கட்டைகளின் ஓரம் தெரிந்தால் இன்னும் நல்லது. 88 கட்டை உள்ள பியானோவில் இடது கோடியில் ஒரு கருப்புக் கட்டை தனியாக நிற்கும், அதன் பிறகுதான் இரண்டும் மூன்றுமாக வரும். வலது கோடியில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் அடுத்தடுத்து வந்து முடியும்.

பியானோ தெரியவில்லையா? கோட்டின் மேல்பையைப் பாருங்கள், அது அணிந்தவரின் இடது மார்பில் இருக்கும். ட்ரம்பெட் வால்வுகளை அழுத்துவது வலது கை.

எல்லாச் சிக்கலும் இப்படித் தீராது. ஜாஸின் முன்னோடிகளில் ஒருவரான நியூ ஆர்லியன்ஸின் பட்டி போல்டன் குழுவுக்கு சுமார் 1905ல் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. போல்டனின் முகத்துக்கு நமக்கிருக்கும் ஒரே ஆதாரமும் அதுதான். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருவர் வாத்தியத்தைக் கை மாற்றிப் பிடித்திருப்பது போலவே தெரிகிறது. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்தக் குழுவில் ஒரு பியானோ இருந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1958ல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் போலந்திலிருந்து தொடங்கி இந்தியா, இலங்கை வரை வந்தது. சென்னையில் அவருடைய டிரம்ஸ்காரர் ஜோ மோரெல்லோ மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். பிள்ளை இடக்கைக்காரர் என்பது கர்நாடக இசை ரசிகர்களுக்குத் தெரியும். அவர் மிருதங்கம் வாசிக்கும் படத்தைப் பார்த்து, மாறி அச்சாகிவிட்டது என்று நினைத்துத் திருப்பிவிடக் கூடாது. மேலே சொன்ன விதிகளுக்கு இப்படியும் ஒரு விலக்கு.

1963ல் எலிங்டன் இசைக்குழுவும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது.

தேதி எழுதாத படத்துக்கு எப்படித் தேதி கணிப்பது?

கூட இருப்பவர்களைப் பாருங்கள். எலிங்டனோடு பேஸ் வாசிப்பவர் ஜிம்மி பிளான்டன் என்றால் அது 1939 கடைசிக்கும் 1941 கடைசிக்கும் இடையில் எடுத்த படம். பிளான்டன் அந்த இரண்டு வருடம்தான் குழுவில் இருந்தார், 1942ல் காசநோயால் இறந்துபோனார். சாக்ஸபோன்காரர் பென் வெப்ஸ்டரும் சேர்ந்து தெரிந்தால் 1940க்கு முன்னால் போக முடியாது. தலைவரின் முகம் பத்து வருடத்துக்கு ஒரே மாதிரி இருக்கலாம், பின்வரிசை மாறிக்கொண்டே இருக்கும்.

ஹார்லெமில் படிக்கட்டில் நின்று எடுத்த பெரிய கூட்டுப் படத்தில் எத்தனை பியானோக்காரர்கள்?

ஆர்ட் கேன் 1958 ஆகஸ்ட் 12 காலையில் கிழக்கு 126ஆம் தெரு 17ஆம் எண் வீட்டின் முன்னால் எடுத்த படம். எஸ்குவயர் இதழின் 1959 ஜனவரி இதழுக்காக எடுத்தது. 57 இசைக்கலைஞர்கள் இருக்கிறார்கள். பியானோக்காரர்கள் என்று பார்த்தால் கவுன்ட் பேசி, மங்க், மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லாண்ட், ஹாங்க் ஜோன்ஸ், ஹொரேஸ் சில்வர், லக்கி ராபர்ட்ஸ்.

வாத்தியம் இல்லாமல் பியானோக்காரர்கள் நிற்கும் அபூர்வமான படம் இது. ஆளுக்கொரு விதமாக அதைச் சமாளித்திருக்கிறார்கள். மங்க் வெளிர் நிறக் கோட்டில் வந்து, இரண்டு பெண் பியானோக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன். கவுன்ட் பேசியோ நின்று அலுத்து, நடைபாதை ஓரத்தில் தெருப் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார். ஹார்லெம் பியானோவின் மூத்தவர்களில் ஒருவரான வில்லி 'தி லயன்' ஸ்மித்தும் அன்றைக்கு வந்திருந்தார். களைத்து ஓரமாகப் போய் உட்கார்ந்த நேரத்தில் கேன் எடுத்த படம்தான் தேர்வானது. அவர் அதில் இல்லை.

கலைஞர்களே எடுத்த படங்கள் உண்டா?

மில்ட் ஹின்டன் எடுத்தவை. கேப் கேலொவே குழுவில் 1936லிருந்து பல வருடம் பேஸ் வாசித்தவர். கூடவே கேமராவையும் வைத்துக்கொண்டு பல பத்தாயிரம் படங்கள் எடுத்துக் குவித்தார். வெளியாள் முன்னால் யாரும் தூங்க மாட்டார்கள், இவர் முன்னால் தூங்கினார்கள். ரயிலில், பஸ்ஸில், ஒலிப்பதிவுக்கு நடுவில் சாப்பிடும்போது என்று எல்லாம் இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் கருப்பர்களுக்கென்று தனி வாசல் காட்டிய ரயில் நிலையப் பலகைகளுக்கு அடியில் குழு நண்பர்களை நிறுத்தி எடுத்த படங்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை. மேடையில் வெள்ளைக் கோட்டு போட்டுக் கைதட்டல் வாங்கிய அதே மனிதர்கள்.

மேலே சொன்ன ஹார்லெம் காலையிலும் ஹின்டன் தன் கேமராவோடு வந்திருந்தார். அவர் மனைவி மோனா 8 மில்லிமீட்டர் படம் பிடித்தார். கேனின் படத்தில் அசையாமல் நிற்பவர்கள் மோனாவின் படத்தில் கட்டிப்பிடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ப்ளூ நோட் இசைத்தட்டு அட்டைப் படங்களை எடுத்தவர் யார்?

பெரும்பாலும் ஃபிரான்சிஸ் உல்ஃப். பெர்லினில் பிறந்த யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி 1939ல் நியூயார்க் வந்தார். பால்ய நண்பர் ஆல்ஃபிரட் லயன் அந்த வருடம்தான் ப்ளூ நோட்டைத் தொடங்கியிருந்தார். பகலில் கம்பெனிக் கணக்கு, ஒலிப்பதிவு நாளில் கேமரா. பல வருடம் பதிவு நடந்த இடம் நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறை. 1959ல்தான் வான் கெல்டர் தனியாகக் கூடம் கட்டிக்கொண்டு போனார். ஒத்திகை நேரத்தில் ஃபிளாஷைக் கையால் தள்ளிப் பிடித்து எடுப்பார் உல்ஃப். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மையிருட்டு. 1958ல் பதிவான பட் பவலின் ஒரு தட்டின் அட்டையில், பியானோவில் இருக்கும் பவலோடு அவருடைய சின்ன மகனும் இருக்கிறான். மனநோயும் போலீஸ் அடியும் சிதைத்த வாழ்க்கை பவலுடையது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதையே எழுதுகிறார்கள். இந்தப் படம் அவரை ஒரு தகப்பனாகக் காட்டுகிறது.

புகை சூழ்ந்த ஜாஸ் படங்களை எடுத்தவர் யார்?

ஹெர்மன் லெனார்ட். பின்னாலிருந்து விளக்குப் போட்டுச் சிகரெட் புகையை ஒளிர வைத்தவர். அழகானவை. ஆனால் எனக்கு அவற்றில் இடம் தெரிவதில்லை, புகைதான் தெரிகிறது. 2005ல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் நியூ ஆர்லியன்ஸிலிருந்த அவர் வீட்டில் சுமார் 8,000 பிரிண்டுகள் அழிந்தன. நெகட்டிவ்கள் ஆக்டன் அருங்காட்சியகப் பெட்டகத்தில் இருந்ததால் தப்பின.

ஜாஸ் லாஃப்ட் என்பது என்ன?

நியூயார்க்கில் ஆறாவது அவென்யூ 821ஆம் எண் கட்டடம். பூ வியாபாரிகள் தெருவில் ஒரு பழைய கிடங்கு மாடி. புகழ்பெற்ற செய்திப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1957ல் அங்கே குடிவந்தார். பக்கத்தில் ஹால் ஓவர்டன் என்ற பியானோ ஆசிரியரும் இருந்தார். இரவெல்லாம் யார் யாரோ வந்து வாசிப்பார்கள். ஸ்மித் கட்டடம் முழுக்க மைக் இழுத்து வைத்து, 1965 வரை சுமார் 4,000 மணி நேரம் ஒலிநாடாவில் பிடித்தார், ஏறக்குறைய 40,000 படம் எடுத்தார். 1959 பிப்ரவரி 28 டவுன் ஹால் கச்சேரிக்காக மங்கும் ஓவர்டனும் உட்கார்ந்து இசை அமைத்தது அங்கேதான். மங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பேசுவதையும் கேட்க முடிகிறது. இப்படி வேறு எந்தத் தொகுப்பும் எனக்குத் தெரிந்து இல்லை.

ப்ளூஸ் பியானோக்காரர்களின் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

அவர்கள் வாசித்த இடங்களுக்குக் கேமரா போகவில்லை. மரம் வெட்டும் முகாம், சாராயக் கொட்டகை, சிகாகோவில் வாடகைப் பணம் திரட்ட வீட்டிலேயே வைக்கும் விருந்து. அங்கேயெல்லாம் காட்லீப் மாதிரி ஒருவர் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பைன்டாப் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 டிசம்பரில் சிகாகோவில் அவர் பதிவு செய்த ஒரு தட்டுதான் பூகிவூகி என்ற ப்ளூஸ் பியானோ பாணிக்கு அந்தப் பெயரையே உலகத்துக்குக் கொடுத்தது. 1929 மார்ச்சில் ஒரு நடனக் கூடத்தில் குண்டடிபட்டு இறந்தார். அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரு படமும் இல்லை. அவர் வழியில் வந்த ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் மூவரும் 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கில் வாசித்தார்கள், உடனே நிறைய படங்கள் வந்தன. இசை ஒன்றுதான், மேடை மாறியது.

1960களில் நிலைமை மாறியதற்கு ஐரோப்பா ஒரு காரணம். ப்ளூஸ் பியானோக்காரர் மெம்ஃபிஸ் ஸ்லிம் 1962ல் பாரிஸில் குடியேறினார். அதே வருடம் தொடங்கிய ப்ளூஸ் சுற்றுப்பயணங்களில் ஜெர்மனி, பிரிட்டன் புகைப்படக்காரர்கள் இவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள்.

அப்போதும் பியானோக்காரர் ஓரமாகத்தான் இருந்தார். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1960ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த இசைத்தட்டின் அட்டையில் மடி மட்டும் கிட்டாரோடு நிற்கிறார். அந்த கிட்டாரும் அவருடையது இல்லை, ஜான் லீ ஹூக்கருடையது. அந்தத் தட்டு முழுக்க அவரைத் தாங்கிப் பிடிக்கும் பியானோ ஓடிஸ் ஸ்பானுடையது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே எழுதிக்கொடுத்த விடைபெறும் பாட்டைக் கடைசியாகப் பாடியவரும் அவரே. அட்டையில் அவர் இல்லை.

வண்ணப் படங்கள் நம்பகமானவையா?

இப்போது சுற்றுபவற்றில் பெரும்பாலானவை கணினியில் வண்ணம் பூசியவை. கோட்டின் நிறம் யாருக்கும் தெரியாது, ஊகம்தான். நிஜமான வண்ணம் வேண்டுமென்றால் காட்லீப் 1948ல் எடுத்த, நியூயார்க்கின் ஜாஸ் கிளப்புகள் நிறைந்த 52ஆம் தெருவின் இரவுக் காட்சியைப் பாருங்கள். ஈரச் சாலையில் கிளப்புகளின் நியான் விளக்கு வரிசை.

இந்தப் படங்களை என் கட்டுரையில் பயன்படுத்தலாமா?

காட்லீப் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர் விருப்பப்படி 2010 பிப்ரவரி 16 முதல் அவை பொது உடைமை. எடுத்தவர் பெயரைப் போடுவது மரியாதை. விளம்பரத்துக்கோ சட்டைத் துணியில் அச்சடித்து விற்கவோ என்றால் கவனம் தேவை. படத்தில் இருப்பவரின் உருவத்துக்கு அவர் குடும்பத்தாருக்குத் தனி உரிமை இருக்கலாம். கேன், உல்ஃப், லெனார்ட், ஸ்மித், ஹின்டன் படங்கள் அப்படி இல்லை, உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். எதை வெளியிட்டாலும் படத்தில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் இடமிருந்து வலமாக எழுதுங்கள், பின்வரிசையில் இருப்பவரையும் சேர்த்து.